இந்த வாரம் செவ்வாய்

வணக்கம் நண்பர்களே, இந்த வாரம் நம் குழுவில் செவ்வாய் கிரகம். மண்ணில் உள்ள இரும்புத் துருதான் அந்தச் சிவப்புக்குக் காரணம், ரோமானியர்கள் அதற்குத் தங்கள் போர்க்கடவுள் மார்ஸின் பெயரை வைத்தார்கள். கிரேக்கர்களுக்கு அவர் ஏரிஸ். 1877ல் வானியலாளர் அசாஃப் ஹால் செவ்வாயின் இரண்டு நிலவுகளைக் கண்டுபிடித்தபோது ஏரிஸோடு போருக்குப் போகும் மகன்களின் பெயர்களே அவற்றுக்குக் கிடைத்தன: அச்சத்தின் வடிவான ஃபோபோஸ், திகிலின் வடிவான டீமோஸ்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபோபோஸ். அகலம் சுமார் 22 கி.மீ.தான், உருண்டைகூட இல்லை. செவ்வாய் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி 37 நிமிடம் ஆகிறது, ஃபோபோஸோ 7 மணி 39 நிமிடத்தில் செவ்வாயையே சுற்றி வந்துவிடுகிறது, அதனால் செவ்வாயில் நின்று பார்த்தால் அது மேற்கில் உதித்து கிழக்கில் மறையும்! அப்புறம், நூறு ஆண்டுக்குச் சுமார் 1.8 மீட்டர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது, சில கோடி ஆண்டுகளில் ஈர்ப்பு விசையால் உடைந்து செவ்வாய்க்கு ஒரு வளையமாகலாம். டீமோஸ் மெல்ல விலகிப் போகிறது.

கேள்விகளை இங்கேயே கேளுங்கள். செவ்வாய் நிலா அளவுக்குப் பெரிதாகத் தெரியும் என்று சுற்றும் ஃபார்வர்டை மட்டும் போடாதீர்கள், அது பொய்.