டாட்டர்ஷால் செங்கல் கோபுரம்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. முழங்கால் வலியை மட்டும் தள்ளிப்போடாதே. நான் மகள் வீட்டில் நலம். இந்த ஊர்க் குளிர்தான் இன்னும் பழகவில்லை.

போன வாரம் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள டாட்டர்ஷால் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். காலமெல்லாம் சூளையோடு வாழ்ந்தவன் நீ. நீதான் அதைப் பார்த்திருக்க வேண்டும். சமவெளி நடுவே 130 அடி உயரத்துக்கு ஒரே செங்கல் கோபுரம். ஆறாம் ஹென்றி மன்னரின் கருவூலத் தலைவராக இருந்த ரால்ஃப் கிராம்வெல் பிரபு 1430-களில் தொடங்கிக் கட்டியது. ஏறக்குறைய 7 லட்சம் கல் ஆனதாம். அதிகமாக வெந்து கருத்துப்போன கல்லை வீணாக்காமல், சிவப்புச் சுவரில் சாய்சதுரக் கோலமாக வைத்து இழைத்திருக்கிறார்கள். சுழல் படியில் ஏறும்போது கைப்பிடியைக்கூடச் சுவருக்குள்ளேயே கல்லில் குடைந்திருக்கிறார்கள்.

சுற்றிலும் இரண்டு அகழி. ஆனால் ஜன்னல்கள் அவ்வளவு பெரிது! பகைவருக்குப் பயந்தவன் அப்படி ஜன்னல் வைப்பானா? தன் செல்வாக்கை ஊரே அண்ணாந்து பார்க்கட்டும் என்று எழுப்பியது என்றுதான் எனக்குப் படுகிறது. தளத்துக்குத் தளம் குளிர்காயும் பெரிய கல் கணப்புகள் இருக்கின்றன. அவற்றில் அவருடைய பதவிச் சின்னமான பணப்பையையும், 'எனக்கு உரிமை இல்லையா?' என்ற பிரெஞ்சு வாசகத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்.

அந்தக் கணப்புகளால்தான் இதை எழுதுகிறேன். பாழடைந்து கிடந்த கோட்டை 1910-ல் விற்பனைக்கு வந்தது. கணப்புகளைப் பெயர்த்து, அமெரிக்காவுக்கு அனுப்பக் கட்டியும் வைத்துவிட்டார்கள். உரிமையாளர் விற்றால் தடுக்கச் சட்டம் இல்லை. புராதனச் சின்னங்களுக்காக 1882-ல் வந்த பழைய சட்டம் உரிமையாளரின் சம்மதத்தை நம்பியே இருந்தது. கடைசி நேரத்தில் ஒருவர் கோட்டையையே விலைக்கு வாங்கி, கணப்புகளை லண்டனில் தேடிப்பிடித்து மீட்டார். யார் தெரியுமா? நம் நாட்டில் வைஸ்ராயாக இருந்த கர்சன்!

1905-ல் வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன்தான். அதை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் 1904-ல் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தை நம் நாட்டில் கொண்டுவந்ததும் அவர்தான். தனியார் சொத்தாக இருந்தாலும், அழியும் ஆபத்து வந்தால் அரசே எடுத்துக்கொள்ள அதில் வழி இருந்தது. இங்கிலாந்தில் இடிப்பதைத் தடுத்து உத்தரவு போடும் அதிகாரம் 1913-ல்தான் வந்தது. அதற்கு இந்தக் கோபுரத்தின் கதையும் ஒரு காரணம். 1925-ல் கர்சன் இறந்தபோது கோட்டை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் போனது.

அந்தக் கணப்புகள் ஏதோ ஒரு பணக்காரர் மாளிகையில் அழகாகவே இருந்திருக்கும். ஆனால் யார் செதுக்க வைத்தார், ஏன் பணப்பை என்ற கதை இந்தச் சுவரில் இருந்தால்தான் புரியும். விற்க உரிமை இருந்தது உண்மைதான். ஆனால் கிட்டத்தட்ட 500 வருஷம் நின்ற ஒன்றைக் கலைக்கும் உரிமையை ஒரு தலைமுறைக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. நீ என்ன சொல்கிறாய்?

அப்புறம், சுவரைக் கிட்டத்தில் எடுத்த படங்களை அனுப்புகிறேன். வேக்காடு எப்படி என்று பார்த்து எழுது.

அன்புடன்,
ரவி