ஒரு நாள் போதும் என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில், "சிங்கப்பூருக்கு ஒரு நாள் போதும், மால்களை விட்டால் அங்கே என்ன இருக்கிறது?" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். மகள் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் போன வருடம் முதன்முதலாகப் போனேன். ரயில் நிலையக் கூட்டத்தில் மிரண்டு நின்ற என் கண்ணில் முதலில் பட்டது எச்சரிக்கைப் பலகை. ஆங்கிலம், சீனம், மலாய், கூடவே தமிழ். கொஞ்ச நேரத்தில் பிளாட்பாரத்தில் தமிழிலேயே அறிவிப்பு கேட்டது. மகள் கையில் கொடுத்த வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டிலும் நம் எழுத்தில் சிங்கப்பூர் என்று இருந்தது. அங்கே தமிழ் ஆட்சிமொழி என்பது தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளருக்கு மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் மனு எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே சொல்லிவிட்டது. ஆனால் நிலவரி விஷயமாக நான் தமிழில் எழுதிக் கொண்டுபோன மனுவை ஓர் அலுவலகத்தில் கையில்கூட வாங்கவில்லை. வாசல் திண்ணையில் இருந்த ஒரு பையனிடம் காசு கொடுத்து மலையாளத்தில் எழுதி வாங்கித்தான் உள்ளே நீட்டினேன். இதைப் பற்றித் தங்களுக்கு எழுதிய கடிதம் அச்சேறவில்லை. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர்ப் பிரச்சினை கிளம்பும்போது மட்டும் தங்கள் நிருபர் எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டி வருகிறார். எங்களையும் சேர்த்துக் 'கேரளத்தார்' என்று எழுதிவிட்டுப் போகிறார். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான் ஐயா.

மால் தவிர என்ன இருக்கிறது என்று கேட்டவருக்குச் சொல்லுங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் நாராயண பிள்ளை 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதே சாலையில் கொஞ்சம் தள்ளி, தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு நாளிதழ். தேக்கா சந்தையில் ஒரு சீனப் பாட்டி கறிவேப்பிலைக் கொத்தை முகர்ந்து பார்த்து, வாடியிருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு வேறு கொத்து கேட்டு வாங்கினார். நம் வீட்டுப் பெண்கள் பார்ப்பது போலவேதான் பார்த்தார். சாப்பாட்டுக் கடைகளில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால், ஆள் திரும்பும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. புழுக்கம் ஆளை வாட்டும், விலையும் அதிகம்தான். அதை எழுதியிருந்தால் நானும் ஆமோதித்திருப்பேன்.

அடுத்த இதழில் அந்தக் கோயில், பள்ளிவாசல் இரண்டையும் பற்றி ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். சைனாடவுன் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து கோயம்புத்தூர் போய் விமானம் ஏறுகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்