பத்தொன்பதாம் தொகுதியின் கதை

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வரன் குதிர்ந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முழங்கால் வலிக்கு இன்னும் எண்ணெயையே நம்பிக்கொண்டிருப்பது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் வருவதற்குள் நல்ல எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடு.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: அமெரிக்காவில் கிராமம் என்றால் குடியரசுக் கட்சி, நகரம் என்றால் ஜனநாயகக் கட்சி, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று. வாக்கு எண்ணிக்கை நாளில் சாப்பாட்டை மறந்து ரேடியோவோடு ஒட்டிக்கிடந்த நீயா இப்படி எழுதுவது? சான் அன்டோனியோவில் மகன் வீட்டோடு வந்துவிட்ட பிறகு எனக்கு இங்கே ஒரு தொகுதிமேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. டெக்சாஸ் செனட்டின் 19-ஆம் தொகுதி. அதன் கதையைச் சொல்கிறேன், கேள்.

செனட் என்றதும் 1986-இல் கலைத்த நம் மேலவையை நினைக்காதே. இங்கே 31 பேரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவருக்கு ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். வாஷிங்டனில் உட்காரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்குக்கூட இத்தனை பேர் கிடையாது. 2018-இல் இந்தத் தொகுதியில் 17 கவுண்டிகள் இருந்தன. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. சான் அன்டோனியோவின் ஒரு மூலையில் தொடங்கி, மெக்சிகோ எல்லையோரமாகச் சுமார் 640 கிலோமீட்டர் போய், பிக் பெண்ட் மலைகளில் முடிகிறது. அதில் ப்ரூஸ்டர் என்ற ஒரே கவுண்டிக்குள் நம் தஞ்சாவூர் மாவட்டம் நான்கு அடங்கும்; அங்கே மக்களோ பத்தாயிரத்துக்கும் குறைவு. டெரல் கவுண்டியில் 2020 கணக்குப்படி 760 பேர். நம் ஊரில் ஒரு வாக்குச்சாவடிக்கே அது போதாது.

வரைபடத்தில் முள்காடும் மாட்டுப் பண்ணையுமாகத் தெரியும் இந்த நிலம் தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. முதலில் அது வெள்ளை நிலக்கிழார்களின் கட்சி. ரூஸ்வெல்ட்டிடம் துணை ஜனாதிபதியாக இருந்த ஜான் நான்ஸ் கார்னர், இந்தத் தொகுதியிலுள்ள யுவால்டி ஊர்க்காரர். மாநில சட்டசபையில் தொகுதி பிரிக்கும் குழுவுக்குத் தலைவராக இருந்தபோது தமக்கென்றே ஒரு நாடாளுமன்றத் தொகுதியை வெட்டி எடுத்து, 1902-இல் அதிலேயே நின்று ஜெயித்தார். நம்மவர்கள் பாடம் கேட்க வேண்டிய ஆசாமி!

மெக்சிகோ வம்சாவளியினர் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் வாக்களிக்க வேண்டுமானால் தலைவரி கட்ட வேண்டும், 1.75 டாலர். கூலிக்காரனுக்கு அது சின்னத் தொகையா? யுவால்டிக்குத் தெற்கே கிரிஸ்டல் சிட்டி என்ற ஊர், பசலைக்கீரை விளைச்சலுக்குப் பேர்போனது. கீரை தின்று பலம் பெறும் கார்ட்டூன் மாலுமி பாப்பாய்க்கு 1937-இல் சிலையே வைத்தார்கள். புகைக்குழாயும் புடைத்த முன்கையுமாக நகர மன்றத்தின் முன்னால் நிற்கிறான். அந்த மன்றத்துக்குள் அதே வயல்களில் கீரை பறித்தவர்களின் ஆட்கள் நுழைய 1963 வரை ஆயிற்று. ஒன்றுசேர்ந்து, தம் மக்களைத் தலைவரி கட்டவைத்து, ஐந்து இடங்களையும் ஒரே தேர்தலில் பிடித்தார்கள். 1966-இல் நீதிமன்றத் தீர்ப்பால் தலைவரியும் ஒழிந்தது. அதன்பின் கோட்டை அதே கட்சிக் கோட்டைதான், உள்ளே இருந்தவர்கள் மாறினார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் நோய் உனக்குத் தெரியும். உண்மையான போட்டி, கட்சி வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் உட்கட்சித் தேர்தலோடு முடிந்துவிடும். 1993 முதல் செனட்டராக இருந்த ஃப்ராங்க் மட்லாவை 2006-இல் உட்கட்சித் தேர்தலிலேயே கார்லோஸ் உரெஸ்டி தோற்கடித்தார். 2018 பிப்ரவரியில், எண்ணெய்க் கிணறுகளுக்கு மணல் விற்ற ஒரு நிறுவனத்தின் மோசடி வழக்கில் அந்த உரெஸ்டிமேல் 11 குற்றங்கள் நிரூபணமாயின. ஜூனில் பதவி விலகினார்.

இடைத்தேர்தல் ஜூலை 31-ஆம் தேதி, எல்லாக் கட்சிக்காரரும் ஒரே வாக்குச்சீட்டில். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வாங்கியதைக் கூட்டினால் பாதியைத் தாண்டும். ஆனால் அது பிரிந்து கிடந்தது. முதலிடம் பீட் ஃப்ளோரஸ், குடியரசுக் கட்சி. வேட்டை, மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் மாநிலக் காவல் பிரிவின் ஓய்வுபெற்ற அதிகாரி; 2016-இல் உரெஸ்டியிடம் தோற்றவர். இரண்டாமிடம் பீட் கயேகோ. மாநில சபையில் இருபதாண்டுக்கு மேல், வாஷிங்டனில் ஒரு தவணை என்று பழம் தின்று கொட்டை போட்டவர். யாருக்கும் பாதி கிடைக்காததால் இந்த இருவருக்கும் மட்டும் மறுசுற்று. அதை நவம்பர் பொதுத்தேர்தலோடு சேர்த்து வைக்காமல், குடியரசுக் கட்சிக்காரரான மாநில ஆளுநர் அபட் செப்டம்பர் 18 என்று தேதி குறித்தார். சூட்சுமம் அங்கேதான். இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாக்களிக்கும் தொகுதியில் அன்று விழுந்தவை சுமார் 44,000. ஃப்ளோரஸுக்கு 53 சதவீதம். 139 ஆண்டுகளில் குடியரசுக் கட்சிக்கு அங்கே முதல் வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின. கயேகோ அணி தூங்கியது என்பதே என் வாதம். தேதி சதி என்று புலம்புபவர்கள், ஆளை வீட்டிலிருந்து கிளப்பி அழைத்துவர என்ன செய்தார்கள்?

இனிமேல் வருவதுதான் உனக்குப் பிடிக்கும். டெக்சாஸ் செனட்டில் ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்கவே அப்போது 19 பேரின் ஒப்புதல் தேவை. பல பத்தாண்டுகளாக 21 என்றிருந்ததை 2015-இல்தான் அப்படிக் குறைத்திருந்தார்கள். அந்த நவம்பரில் குடியரசுக் கட்சி வேறு இரண்டு இடங்களை இழந்து சரியாக 19-இல் நின்றது. ஃப்ளோரஸ் ஜெயித்திராவிட்டால் 18! ஆளில்லாத ஒரு செப்டம்பர் செவ்வாய்க்கிழமை, மாநிலத்தின் சட்டமியற்றும் கணக்கையே தாங்கிப் பிடித்துவிட்டது. 2020-இல் ஜனாதிபதித் தேர்தலுக்காகக் கூட்டம் திரண்டு வந்தபோது, ஜனநாயகக் கட்சியின் ரோலண்ட் குட்டியெரெஸிடம் மூன்று சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஃப்ளோரஸ் தோற்றார். கட்சி 18-க்கு இறங்கியது. 2021 ஜனவரியில் விதியையும் 18-ஆக இறக்கிவிட்டார்கள். ஆட்டம் தோற்கும்போதெல்லாம் எல்லைக்கோட்டை அழித்து மாற்றிப் போடுவது எந்த ஊர் நியாயம்? ஃப்ளோரஸும் வீணாகப் போகவில்லை. தொகுதி மறுவரையறைக்குப் பின் 24-ஆம் தொகுதியில் நின்று 2022-இல் மறுபடி செனட்டுக்குள் வந்துவிட்டார்.

அதே 2022 மே மாதம் யுவால்டியின் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி வாங்கும் வயதை 21-ஆக்கச் சொல்லி குட்டியெரெஸ் செனட்டில் ஓயாமல் போராடினார், பலிக்கவில்லை. அந்த நவம்பரில் யுவால்டி கவுண்டி ஆளுநர் அபட்டுக்குச் சுமார் 60 சதவீதம் வாக்களித்தது. வெளியூரிலிருந்து பார்ப்பவர்கள் அந்த மக்களை வைதார்கள். எனக்கு வைய மனம் வரவில்லை, புரிந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். 2024-இல் எல்லையோரத்து மாவரிக் கவுண்டி டிரம்புக்குச் சாய்ந்தது. 2016-இல் ஹிலாரி கிளின்டனுக்கு நான்கில் மூன்று பங்கு தந்த இடம் அது. கிராமம் என்றால் இன்ன கட்சி என்ற உன் சூத்திரம் இந்த எல்லையோரத்தில் நேற்றுவரை தப்பு. இனிச் சரியாகப் போனாலும் போகும்.

கல்யாணத் தேதி முடிவானதும் உடனே எழுது, டிக்கெட் விலை ஏறுவதற்குள் வாங்க வேண்டும். உன் ஊராட்சியில் வார்டு மறுவரையறை என்றாயே, எந்தத் தெருவை எதோடு சேர்த்தார்கள் என்பதை விவரமாக எழுது. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமலிங்கம்