எந்தக் கருவியில் விளையாடிப் பார்த்தீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய வீடியோ கேம்களுக்குத் தங்கள் நாளிதழ் விமர்சனம் வெளியிடுவதை மனமார வரவேற்கிறேன். ஆனால், எந்தக் கருவியில், எத்தனை மணி நேரம் விளையாடிப் பார்த்து எழுதப்பட்டது என்ற விவரம் அவற்றில் இல்லாதது பெருங்குறை.

2020 டிசம்பர் 10 அன்று வெளியான 'சைபர்பங்க் 2077' என்ற வீடியோ கேம் இதற்குத் தக்க சான்று. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே தரப்பட்டது. தாங்கள் ஆடிய காட்சிகளை விமர்சனத்தில் காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் எழுதிய பாராட்டுகளை நம்பி, சோனி நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4-க்கு அதை வாங்கியவர்கள், மங்கலான காட்சிகளையும் அடிக்கடி பாதியில் நின்றுபோகும் ஆட்டத்தையும் கண்டு கொதித்துப் போனார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் அது அங்கு மீண்டும் விற்பனைக்கு வந்தது.

என் மகன் உண்டியல் பணத்தில் வாங்கிய ஒரு கார் பந்தய விளையாட்டு, எங்கள் வீட்டுப் பழைய கணினியில் சுரங்கப்பாதைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் உறைந்து நிற்கிறது. நாங்கள் படித்த விமர்சனத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சண்டை விளையாட்டில் பொத்தானை அழுத்தியதும் கை உடனே உயர்கிறதா என்பதே முதல் கேள்வி. நீண்ட கதை விளையாட்டையோ இறுதிவரை ஆடாமல் எடைபோடக் கூடாது. எனவே எந்தக் கருவி, எத்தனை மணி நேரம் என்ற விவரங்களை விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை