சொத்து வரி மதிப்பீட்டை எதிர்த்துக் கேட்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொத்து வரிக் கடிதத்தை நான்காக மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். “கவர்மெண்டு போட்ட கணக்கு, நாம என்னம்மா கேக்க முடியும்?” என்றார். கேட்கலாம்!

சிங்கப்பூரில் வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்துத்தான் சொத்து வரியைக் கணக்கிடுகிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற கணிப்புதான் ஆண்டு மதிப்பு. தளவாடமும் பராமரிப்புக் கட்டணமும் இதில் சேராது. 2025 முதல், சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 28,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு. மதிப்பு 30,000லிருந்து 27,000 ஆகக் குறைந்தால், கழிவுக்கு முன் வரி 720லிருந்து 600 வெள்ளியாகும். ஓய்வுபெற்றவருக்கு 120 வெள்ளி சின்னத் தொகையா?

மதிப்பீட்டு அறிவிப்பு வந்தால், அதன் தேதியிலிருந்து 30 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் இணையம்வழி ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதே வட்டாரத்தில் அதே மாதிரி வீடுகளின் வாடகை விவரத்தைக் காட்டுங்கள். “வரி அதிகம்” என்று மட்டும் எழுதினால் போதாது. அப்புறம், முடிவு வரும்வரை வரியைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். மதிப்பு குறைந்தால் கூடுதலாகக் கட்டியது திரும்பக் கிடைக்கும்.

சமூக மன்றங்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது இதைத் தமிழில் விளக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி