யோபுவின் கணக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம்.

விசுவாசத்தோடு ஜெபித்தால் இழந்ததெல்லாம் இரண்டத்தனையாய்த் திரும்பி வரும் என்று, சென்ற மாத உங்கள் இதழில், வேதாகமத்தில் ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் இழந்த யோபுவை வைத்து ஒருவர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரமான 42ஆம் அதிகாரத்தைப் பாதியிலேயே மூடிவிட்டாரோ என்று தோன்றியது.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எண்ணைப் பார்த்தால் சரிபார்க்காமல் விட மனசு வராது. முதல் அதிகாரத்தில் யோபுக்கு 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர்மாடுகள், 500 கழுதைகள். கடைசி அதிகாரத்தில் 14,000, 6,000, 1,000, 1,000. சரி, இரட்டிப்புதான். பிள்ளைகள்? முன்பு 7 மகன்கள், 3 மகள்கள். பிறகும் அதே 7, அதே 3.

என் மகன் 22 வயதில் பைக் விபத்தில் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுவாரம் ஜெபிக்க வந்த ஒரு சகோதரர் இதே வசனத்தை வாசித்து, “கலங்காதீங்கம்மா, ரெட்டிப்பா தருவார்” என்றார். எதை? எனக்கு அப்போது ஐம்பது வயது. இன்னொருவர், வீட்டில் மறைவான பாவம் ஏதும் இருக்கிறதா என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள் எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் பேசியதும் இதைத்தானே? “நிதானமாய்ப் பேசவில்லை” என்று கர்த்தரிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அப்படியே எழுந்து போயிருக்கலாம்.

எங்கள் பழைய குருவானவர்தான் அந்தக் கணக்கை எனக்கு விளக்கினார். ஆடுமாடு செத்தால் போனது போனதுதான், அதனால் இரட்டிப்பு. பிள்ளைகள் அப்படிப் போகவில்லை. முந்தின பத்துப் பேர் தேவனிடத்தில், பிந்தின பத்துப் பேர் வீட்டில். கூட்டினால் இருபது. வசனத்தில் இப்படி நேராக எழுதியில்லை, வியாக்கியானக்காரர்கள் சொல்வது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். நித்திய ஜீவன் என்று சிறுவயதிலிருந்து விசுவாசப் பிரமாணத்தில் சொல்லிவந்தது அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கணக்காகப் புரிந்தது. பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் இப்போதும் இரண்டு என்றுதான் சொல்கிறேன்.

உலக ஆசீர்வாதம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மகளுக்கு வேலை கிடைத்தபோது நானும் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டவள்தான். ஆனால் புது வருஷ ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வாக்குறுதி என்று ஒரு வசனம் அச்சிட்டு எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பாருங்கள். எரேமியா 29:11 அடிக்கடி வரும்; “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருப்பார்கள்? அதுவரைக்கும் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. அட்டையில் அதற்கெல்லாம் இடமில்லை.

உங்கள் சாட்சிப் பக்கமும் அந்த அட்டை மாதிரிதான் இருக்கிறது. விசா வந்தது, கடன் தீர்ந்தது, ஸ்கேனில் கட்டி இல்லை. எல்லாம் சந்தோஷமே. எபிரெயர் 11:35-ஐ ஒருமுறை எடுத்து வாசியுங்கள். செத்த தங்கள் சொந்தங்களை உயிரோடு திரும்பப் பெற்ற ஸ்திரீகள் முதலில் வருகிறார்கள். அதே வசனம் முடிவதற்குள் “வேறுசிலர்” என்று வந்துவிடுகிறது, வாதிக்கப்பட்டவர்கள். இரண்டு கூட்டமும் விசுவாசிகள் பட்டியலில்தான் இருக்கிறது.

அந்த வேறுசிலருக்கும் மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கட்டி கரையாதவர்கள், விசா வராதவர்கள், அப்படியும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து உட்காருகிறவர்கள். முதல் மாதத்துக்கு யாரும் எழுத முன்வராவிட்டால் சொல்லுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பாளையங்கோட்டை