பின்னறைக் கொம்பியூட்டர்

திருக்கடலூர்,
திருகோணமலை.
மாசி பிறக்க மூன்று நாள்.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மா கண்ணுக்கு மருந்து விட்டு வருகிறாள், இப்போது பரவாயில்லை. மழை விட்டுவிட்டது. கார்த்திகைப் புயலில் சரிந்த முருங்கை அடியில் தளிர்த்திருக்கிறது. கோட்டை மான்கள் வழக்கம்போல பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து நிற்கின்றன. மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன். முதலில் கொம்பியூட்டர் விஷயம். நீ எடுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு யோசனை.

நாம் கடைசியாகக் கதைத்தது திருவெம்பாவைக்குள் வந்த சனிக்கிழமை. அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமை போய்விட்டது. பொங்கலன்று ஒரு வரி அனுப்பினாய், பார்த்தேன். குறை சொல்லவில்லை. குளிர், வேலை, இருட்டோடு எழும்பி பஸ்ஸுக்கு நிற்பது, எல்லாம் தெரியும். ஆனாலும் இரண்டாவது வரி எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும் பிள்ளை?

இரவில் கதவைப் பூட்டிவிட்டுப் படு.

கொம்பியூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன் அல்லவா. இந்த முறை சும்மா புலம்பவில்லை. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் பதிவேடு எழுதின கை. ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து எழுதத் தொடங்கினேன். முதல் நாள் காலை 6.10, செய்திப் பக்கம், 1 நிமிடம் 50 செக்கன். மாலை 7.30, அதே பக்கம், 2 நிமிடம் 25 செக்கன். இப்படி ஒரு கிழமை.

முதலில் லைன்காரரைத்தான் மனதுக்குள் ஏசினேன். பிறகு அதே இடத்தில் இருந்து, அதே வைஃபையில், அதே பக்கத்தை ஃபோனில் திறந்தேன். 4 செக்கன். அப்படியென்றால் வீட்டுக்கு வரும் லைனில் குற்றமில்லை. அடுத்த சந்தேகம் சுவர். ரவுட்டர் ஹோலில் இருக்கிறது, இது பின்னறையில், நடுவில் இரண்டு கல்சுவர். 15 மீற்றர் கேபிள் வாங்கி நிலையோரமாக இழுத்துக் கொடுத்தேன். 1 நிமிடம் 35 செக்கன். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

உன் உயர்தரப் பெறுபேறு பார்த்த இரவு ஞாபகமா? இதே இயந்திரம், அப்போது புத்தம் புதிது, சீட்டுக் காசில் 2011இல் எடுத்தது. அந்தப் பக்கம் திறக்க முக்கால் மணித்தியாலம் போனது. இலங்கை முழுக்க ஒரே நேரத்தில் அதைத்தானே திறந்தது. அன்று பழுது அந்தப் பக்கத்தில், நம்மிடம் இல்லை. திறந்ததும் நீ கத்திய கத்தில் அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். நம் ஒழுங்கையில் அந்த வருடம் கம்பஸ் போனது நீ ஒருத்திதான். இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பாவின் பேரனோடு படித்த கிண்ணியாப் பெடியன் ஒருவன் கொம்பியூட்டர் திருத்துகிறான். வந்து கதிரையில் இருந்தான். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினான். டாஸ்க் மனேஜர் வந்தது. குரோமை மட்டும்தான் திறந்திருந்தோம். அடியில் மெமரி 94 சதவீதம் என்று நின்றது. முன்பக்கத்துச் சின்னச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது, உள்ளே ஹாட் டிஸ்க் கறகறவென்று அரைத்துக்கொண்டிருந்தது. “ஐயா, இதுக்கு ரேம் 2 ஜிபிதான்” என்றான்.

அவன் விளக்கம் சொன்னதும் எனக்குக் கச்சேரி மேசைதான் ஞாபகம் வந்தது. ரேம் என்பது மேசை, ஹாட் டிஸ்க் என்பது பதிவறை. மேசையில் இடமில்லாவிட்டால் ஒவ்வொரு கோவையையும் பதிவறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்து வரவேண்டும். நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கலாம், வேலை நடக்காது. 2011இல் 2 ஜிபி தாராளம். இப்போதைய பக்கங்கள் படம், விளம்பரம், தானாக ஓடும் வீடியோ என்று பெரிய மூட்டையோடு வருகின்றன. குரோம் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக மெமரி எடுக்கிறது. போதாததற்கு வைரஸ் காவல் இரண்டு போட்டிருந்தேன், ஒன்றுக்கு இரண்டு நல்லது என்று. இரண்டும் ஒரே கோப்பை மாறி மாறிச் சோதிக்குமாம். ஒன்றைக் கழற்றினான். நான் தெரியாமல் ‘ஓம்’ சொல்லிச் சேர்த்துக்கொண்ட விளம்பரப் பட்டைகளையும் எடுத்தான். அதற்கே 1 நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

‘கிளியர்’ என்று ஒன்றை அமத்தப் போனபோது அவன் கையைப் பிடித்துவிட்டேன். மேலே வரிசையாக நீ சேமித்து வைத்த பக்கங்கள் இருக்கின்றனவே, அவை போய்விடும் என்று பயம். பார்த்த பக்கங்களின் பழைய படங்களும் தற்காலிகக் கோப்புகளும் மட்டும்தான் போகும், சேமித்த பக்கங்கள் போகாது என்று அவன் பொறுமையாகச் சொன்னான். போகவில்லை. எண்ணிப் பார்த்தேன், பதினேழும் இருக்கின்றன.

இன்னொரு பழுது வேறு மாதிரி. சில நாள் காலையில் போட்டால் பக்கமே திறக்காது, ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது’ என்று வரும். பார்த்தால் திகதி 2010 ஜனவரி 1. நான் திருத்துவேன், கரண்ட் போய் வந்தால் மறுபடியும் 2010. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அதோடு யூ.பி.எஸ். செத்தது. அதற்குப் பிறகு கரண்ட் போகும் ஒவ்வொரு தரமும் இதே கதைதான். உள்ளே பலகையில் வட்டமாக ஒரு சின்னப் பற்றரி இருக்கிறது, சீஆர் 2032 என்பது அதன் பெயர், 3 வோல்ட். அது போனால் இயந்திரத்துக்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியாது. பாதுகாப்பான ஒவ்வொரு பக்கமும் தன் சான்றிதழ் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை செல்லும் என்று காட்டுமாம். 2010இல் இருக்கும் இயந்திரத்துக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ், அதனால் நம்பாது. புதுப் பற்றரி போட்டதோடு தீர்ந்தது.

பெட்டியைத் திறக்கப் பின்பக்கம் வயர்களைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் நீ வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றிப் பேனையால் எழுதியிருக்கிறாய். மொனிட்டர். ஸ்பீக்கர். பிரின்டர். கரண்ட் வயரில் ‘அப்பா இதைத் தொடக்கூடாது’. பிளாஸ்டர் மஞ்சளாகிவிட்டது, எழுத்து அழியவில்லை. பெடியன் கழற்றிய பிறகும் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

உள்ளே கச்சான் காற்று கொண்டுவந்த மணல், பல்லி முட்டை, ஃபானைச் சுற்றிப் பஞ்சு மாதிரித் தூசு. ஃபான் ஓடாவிட்டால் புரோசசர் சூடாகி, தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றான். பெயின்ற் பிரஷால் தட்டினோம். ரேமின் செப்புப் பற்களில் உப்புக் காற்றுக்குப் பச்சை பூத்திருந்தது. அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தான், பளிச்சென்று வந்தது. கடலுக்கு முந்நூறு யார் தூரத்தில் இருந்தால் அப்படித்தான். உன் அறைக்குக் கடல் இல்லை, நல்லது. ஆனால் வெளிக்கதவு நேரே றோட்டுக்கா திறக்கிறது? பூட்டு, சங்கிலி இருந்தால் சங்கிலியும் போடு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ரேம் கழற்றி, 4 ஜிபி டிடிஆர்3 ஒன்று வாங்கிப் போட்டோம். டிடிஆர்2 இதற்குப் பொருந்தாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், கடையில் மாற்றித் தந்துவிடுவார்கள், கவனம். ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜிபி எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் தட்டு இல்லை, அதனால் கறகறச் சத்தமும் இல்லை. விண்டோஸ் 7ஐ மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைவிட்டுவிட்டது. குரோமும் 109ஆம் பதிப்போடு, 2023இல், அதில் நின்றுவிட்டது. பழைய பிரவுசரில் வங்கிப் பக்கம் பார்ப்பது ஆபத்து என்று பெடியன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடச் சொன்னான். இரண்டு நாள் யோசித்தேன். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினான், எதையும் அழிக்காமல். தமிழ் அடிக்க வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. சரி என்றேன். இதையும் அதில்தான் தட்டுகிறேன். செய்திப் பக்கம் இன்று காலை 5 செக்கன்.

உன் படங்கள் இருக்கும் பழைய டிஸ்கை அழிக்க விடவில்லை. துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

இப்போது எல்லாம் சரி. நீ தாராளமாக எடுக்கலாம்.

பிள்ளை, நான் இவ்வளவும் எழுதியது ஒன்றைச் சொல்லப் பயந்து. அந்தச் சனிக்கிழமை கொம்பியூட்டர் நிற்கவில்லை.

மெதுவான இயந்திரம்தான். ஆனால் அன்று மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு உன் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருந்தேன். ஸ்கைப் 2025 மே மாதம் நின்ற பிறகு நீ அனுப்பும் சுட்டியை அமத்தித்தானே வருகிறேன், அன்றைக்கு எந்த நாளையும் விடத் தெளிவாக வந்தது. உன் பின்னால் சுவர் வேறு நிறமாக இருந்ததை முதலே கண்டுவிட்டேன். “நான் அந்த வீட்டில் இல்லையப்பா, ஐப்பசியிலிருந்து தனியாக அறை எடுத்து இருக்கிறேன்” என்றாய். கேட்டது. அதற்குப் பிறகு அவரைப் பற்றிச் சொன்னதும் கேட்டது. ஒரு சொல் விடாமல் கேட்டது. நான் “கேட்கவில்லை பிள்ளை, படம் நின்றுவிட்டது” என்று இரண்டு தரம் சொன்னேன். நீ முதலிலிருந்து திரும்பச் சொல்லத் தொடங்கினாய். நான் மேசைக்கடியில் கையை விட்டுச் சுவிட்சை நிறுத்தினேன்.

அம்மா கேட்டாள், என்ன நடந்தது என்று. கொம்பியூட்டர் சரியில்லை என்றேன். அடுத்த நாள் கொப்பியை எடுத்தேன்.

முதல் தரமும் இல்லை. 2018 ஆவணியில், கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்க, நீ இதே கதிரையில் இருந்து ஸ்கிரீனைப் பார்த்தபடி, “கொஞ்சம் பிற்போட ஏலாதா அப்பா” என்றாய். நான் “காட் அடித்தாயிற்று” என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. நாலு அடி நடந்து வந்து உன் முகத்தைப் பார்த்திருக்கலாம். நிலைக்கதவில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனேன். மண்டபத்துக்குக் கட்டிய காசு, சொந்தக்காரர் வாய், இவைதான் அன்று எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. பிள்ளை கேட்டதை அப்பன் கேளாத மாதிரிப் போனான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதையே செய்திருக்கிறேன். அது என் பிழை. உன்னுடையது எதுவும் இல்லை.

அந்த வீட்டை விட்டு நீ ஏன் வந்தாய், என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கமாட்டேன். நீ சொல்வதைக் கேட்கிறேன். ஊருக்கு வர நினைத்தால் பின்னறை உன்னுடையதுதான், வெள்ளையும் அடித்திருக்கிறேன். அங்கேயே இருக்க நினைத்தால் அதுவும் சரி. காசு தேவையென்றால் ஒளிக்காமல் சொல். ஒருவரும் ஒரு சொல் சொல்ல நான் விடமாட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆனால் பொங்கலுக்கு வாழ்த்து எழுதும்போது உன் பெயரை மட்டும் எழுதச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இந்தச் சனிக்கிழமை, சிவராத்திரிக்கு முதல் நாள், அம்மா சின்னம்மா வீட்டில் நிற்பாள். இங்கே இரவு ஏழரை, உனக்குக் காலை ஒன்பது. நான் ஏழு மணிக்கே போட்டு வைப்பேன். கதைக்க மனமில்லையென்றால் சும்மா முகத்தைக் காட்டு, நான் பேசாமல் இருக்கிறேன். இந்த முறை நீயாக வைக்கும்வரை நான் வைக்கமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்த அறைக்குப் பின்கதவும் இருந்தால் அதையும் பூட்டிவிட்டுப் படு.

அன்புடன்,
அப்பா